ஒரு விசைக்குப் பல குண்டுகள்: அரைத் தானியங்கித் துப்பாக்கியின் கோளாறும் கொச்சிக் கடற்கரையின் பாதுகாப்பும்

2022 செப்டம்பர் 7 அன்று நண்பகல் வாக்கில், மீன்பிடித்துவிட்டுக் கரை திரும்பிக்கொண்டிருந்த படகில் இருந்த முதிய மீனவர் ஒருவரின் காதைத் துப்பாக்கிக் குண்டு ஒன்று கிழித்தது. கோட்டைக் கொச்சியில் உள்ள கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளியான ஐ.என்.எஸ். துரோணாச்சார்யாவை ஒட்டிய கடற்பகுதி அது; மட்டாஞ்சேரிச் சந்தைத் தெருக்களிலிருந்து சில கிலோமீட்டர்தான். குண்டு படகிலிருந்தே எடுக்கப்பட்டது. அது தங்களுடையது என்பதைக் கடற்படை ஏற்கவில்லை. பயிற்சியில் பயன்பட்ட, இந்தியத் தயாரிப்பான இன்சாஸ் ரகத் துப்பாக்கிகளைத் தடயவியல் பரிசோதனைக்கு உட்படுத்துவதை நோக்கிப் போலீசாரின் விசாரணை நகர்ந்தது. எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி நியாயமானது, ஆனால் போதாதது. எந்தக் குழலிலிருந்து வந்திருந்தாலும், ஒரு பயிற்சித் திடலின் எல்லையைத் தாண்டிக் குண்டு வெளியேற முடியும் என்றால் அந்தத் திடல் எந்த அனுமானத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி. துப்பாக்கி ஒழுங்காக இயங்கும் என்ற அனுமானத்தின் மேல் திடலின் பாதுகாப்பை அமைக்கக் கூடாது. அது கோளாறாகும் என்று கொண்டே அமைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான் வெளியேற வேண்டும். விசை இழுபட்டதும் சுத்தியல் விடுபட்டு ஃபயரிங் பின் எனும் ஊசியை அடிக்கிறது. தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் எனும் தீமூட்டி தீப்பற்றுகிறது. வெடிவாயுவின் அழுத்தம், தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. போல்ட் போகிற போக்கில் சுத்தியலையும் மடக்கிவிட்டுப் போகிறது. சுடுபவரின் விரல் அப்போதும் விசையின் மேல்தான் இருக்கும். மனித விரல் அவ்வளவு விரைவாக விடுபடாது. ஆகவே மடங்கிய சுத்தியலைப் பிடித்துவைத்துக்கொள்ள டிஸ்கனெக்டர் என்ற சிறிய கொக்கி ஒன்று இருக்கிறது. விரல் விசையை விட்ட பிறகே சுத்தியல் அதன் பிடியிலிருந்து சியர் எனும் அடுத்த கொக்கிக்கு மாறும். டிஸ்கனெக்டரின் விளிம்பு தேய்ந்தாலோ, சுருள்வில் தளர்ந்தாலோ, கெட்டிப்பட்ட எண்ணெயும் மணலும் சேர்ந்து அதன் அசைவைத் தடுத்தாலோ, பிடிபடாத சுத்தியல், அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு முன்னே வரும் போல்ட்டின் பின்னாலேயே வந்து விழும். சில சமயம் அந்த அடி வலுவற்றதாகி வெடிக்காமல் போகும். சில சமயம் வெடித்துவிடும். பிந்தையது நிகழ்ந்தால் சுடுபவர் கேட்காத இரண்டாவது, மூன்றாவது குண்டுகள் புறப்படும். ஃபயரிங் பின் அழுக்கில் சிக்கி முன்புறம் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டால், போல்ட் மூடும் வேகத்திலேயே விசையின் துணையின்றித் தோட்டா வெடிப்பதும் உண்டு. கடலோரத்து உப்புக்காற்றும் பருவமழை ஈரமும் இரும்பை என்ன செய்யும் என்பது கொச்சியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்சாஸ் முழு அர்த்தத்தில் அரைத் தானியங்கி அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், ஒற்றைச் சூட்டோடு மூன்று குண்டுத் தொடர்சூடும் அதில் உண்டு. ஆனால் மூன்றோடு நிறுத்தும் வேலையையும் இதே போன்ற ஒரு சிறு பொறியமைப்புதான் செய்கிறது. புனேயில் வடிவமைக்கப்பட்டு, இஷாப்பூரிலும் நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரான இந்தத் துப்பாக்கி, 1999 கார்கில் போரின் பனியில் சிக்கிக்கொள்கிறது, அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விடுகிறது, மூன்று குண்டுக்கு வைத்தால் நிற்காமல் சுடுகிறது என்ற புகார்களுக்கு உள்ளானது. 2005இல் நேபாளத்தின் காலிக்கோட்டில் மாவோயிஸ்டுகளின் தாக்குதலில் 43 வீரர்கள் இறந்தபோது நேபாள ராணுவம் இந்தத் துப்பாக்கியைக் குறை சொன்னது. இந்தியத் தரப்பு, கையாண்ட விதத்தைக் குறை சொன்னது. பொறியா, ஆளா என்ற இந்தச் சர்ச்சையில் ஒரு பக்கம் சாய வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆள் தவறினாலும் பொறி தவறினாலும் குண்டு வெளியே போகும் என்பதே நமக்கு முக்கியம்.

வெளியே எவ்வளவு தூரம்? இன்சாஸின் பயன்தரு தூரம் ஏறக்குறைய 400 மீட்டர். ஆனால் 5.56 மில்லிமீட்டர் குண்டு உயர்கோணத்தில் சென்றால் இரண்டரைக் கிலோமீட்டரையும் தாண்டும். நிமிடத்துக்கு 600க்கு மேல் சுடும் வேகத்தில், 20 தோட்டா கொண்ட மேகசின் இரண்டே நொடிகளில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு வெடியும் குழலின் முனையை மேலே தள்ளும். ஒற்றைக் குண்டை எதிர்பார்த்துப் பிடித்திருக்கும் பயிற்சி பெறுபவரின் தோளும் கையும் அதற்குத் தயாராக இருப்பதில்லை. 100 மீட்டருக்கு அப்பால் 8 மீட்டர் உயர மண்மேடு எழுப்பியிருந்தாலும், குழல் 5 பாகை உயர்ந்தால் குண்டு அதன் உச்சிக்கு மேலாகப் போய்விடும். 5 பாகை என்பது மணிக்கட்டின் ஒரு சிறு அசைவு.

கொச்சிச் சம்பவத்தில் இத்தகைய கோளாறு நிகழ்ந்ததாக நிறுவப்படவில்லையே என்பது வலுவான ஆட்சேபம். நிறுவப்பட்டது என்று இக்கட்டுரையும் சொல்லவில்லை. இதற்கு முன்பு, 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பசுமலைப்பட்டித் திடலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அங்கும் பொறிக் கோளாறு என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் எதுவானாலும் குண்டு வெளியேறும் வழி திறந்திருந்தது என்பதற்கு இரண்டு சம்பவங்களும் சாட்சி. கோளாறு அந்த வழியில் போகக்கூடிய பல காரணங்களில் ஒன்று, அதுவும் முன்கூட்டியே கணிக்கக்கூடிய ஒன்று. கடலை நோக்கிய திடல் ஆபத்தற்றது, பயிற்சி நாட்களை அறிவித்துவிடுகிறார்களே என்ற வாதமும் கொச்சியில் நிற்காது. கழிமுகத்தின் வழியே தோப்பும்படித் துறைமுகத்துக்கு வந்துபோகும் விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்குபவை. கரையில் வெளியான அறிவிப்பு அவற்றை எட்டும் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், விசையை அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து சுடும்படி வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட துப்பாக்கியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. அளவுகோல் வடிவமைப்பு, தேய்மானம் அல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1994இல் ஸ்டேபிள்ஸ் வழக்கில், தன் துப்பாக்கி தொடர்ந்து சுடக்கூடியது என்பது உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. கொக்கி தேய்ந்ததற்காக விசையில் விரல் வைத்தவரைக் குற்றவாளியாக்காத இந்த நிலைப்பாடு சரியானது. ஆனால் அதன் பலன் ஆயுதத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் போய்ச் சேரக் கூடாது. ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் நீதிபதி பகவதி தலைமையிலான இந்திய உச்ச நீதிமன்ற அமர்வு, ஆபத்தான தொழிலை நடத்துபவர் கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று வகுத்த முழுப் பொறுப்புக் கோட்பாடு துப்பாக்கித் திடலுக்கும் பொருந்த வேண்டும். அரசின் பாதுகாப்புக் கடமை என்ற வாதம் பயிற்சி நடத்தும் அதிகாரத்தைத் தருமே தவிர, காயம்பட்ட மீனவரிடம் கணக்குச் சொல்வதிலிருந்து விலக்கு அளிக்காது.

தடயவியலின் பார்வையும் விரிய வேண்டும். குண்டின் மேல் பதிந்த குழல்வரிகள் எந்தத் துப்பாக்கி என்பதைச் சொல்லும். ஏன் வெடித்தது என்பதைச் சொல்லாது. அதற்கான தடயம் காலித் தோட்டாவின் பிரைமரில் இருக்கிறது. முழு வீச்சில் விழுந்த அடியின் பள்ளம் ஆழமாகவும், போல்ட்டின் பின்னாலேயே வந்து விழுந்த சுத்தியலின் பள்ளம் மேலோட்டமாகவும் அமையக்கூடும். ஆகவே பயிற்சி முடிந்ததும் பொறுக்கப்படும் காலித் தோட்டாக்களைத் துப்பாக்கி வாரியாகப் பிரித்துக் குறிப்பிட்ட காலம் பாதுகாக்க வேண்டும், விசைப் பகுதியின் பராமரிப்புப் பதிவேட்டை விபத்து நடந்த அன்றே போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும், 5.56 மில்லிமீட்டர் குண்டு பறக்கும் முழுத் தூரத்துக்கும் கணக்கிட்டுத் தடுப்பும் கூரையும் எழுப்பாத திடலில் தொடர்சூட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே கூடாது. கோட்டைக் கொச்சியில் இவை நிறைவேறும் வரை, சிறு ஆயுதப் பயிற்சியை நான்கு பக்கமும் மூடிய உள்ளரங்குக்கு மாற்றக் கடற்படையும் கேரள அரசும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.