பச்சை ஒளி காட்டிய வழி



நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், பள்ளியின் கழிவுநீர் கிணற்றுக்கு அருகில் ஒரு குழியில் இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் போன நீரால் தீங்கில்லை என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஜெர்மனி நாட்டு வரலாறு ஒன்று.

அந்நாட்டின் தென்பகுதியில், இம்மெண்டிங்கன் என்னும் ஊரையடுத்து, டான்யூப் ஆறு சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் புகுந்து மறைகிறது. கோடையில் ஆற்றுப்படுகை முற்றும் வறண்டுவிடுதலும் உண்டு. அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே, ஆஹ் என்னும் சிற்றாறு பெரிய ஊற்றாகப் பிறக்கிறது. இரண்டும் ஒரே நீர்தானா? டான்யூப் கரையினர் வெடிப்புகளை அடைக்க விரும்பினர். ஆஹ் நீரால் ஆலை ஓட்டியவர்களோ தம் தொழில் கெடுமென அஞ்சினர். இரு சாராரின் வாழ்வும் இவ்வினாவின் விடையைப் பற்றி நின்றது.

1877ஆம் ஆண்டில் பேராசிரியர் அடால்ஃப் க்னோப் இதனை ஆராய்ந்தார். உப்பையும் எண்ணெயையும் இட்டுப் பார்த்ததோடு, 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தையும் ஆறு மறையும் இடத்தில் கலந்தார். அடால்ஃப் ஃபான் பேயர் 1871இல் ஆக்கிய சாயம் அது. நீல ஒளியை ஏற்றுப் பச்சை ஒளியாக உமிழும் இயல்புடையது. மிகச் சிறிதளவே கலந்திருப்பினும் கண்ணுக்குப் புலனாகும். சுமார் 60 மணி நேரம் கழிந்தபின், ஆஹ் ஊற்று பச்சையாய் ஒளிர்ந்தது! ஐயம் அகன்றது.

ஆஹ் ஆறு கான்ஸ்டன்ஸ் ஏரியில் கலக்கிறது. சுமார் 40 இலட்சம் மக்களுக்குக் குடிநீர் தரும் ஏரி அது. ஆகவே, டான்யூபின் மேற்பகுதியில் கொட்டிய அழுக்கும் பாறைக்கடியில் சென்று அவ்வேரியைச் சேரக்கூடும் என்பது தெளிவாயிற்று.

சாயம் நீரின் வழியைக் காட்டுமேயன்றி, அதிலுள்ள நஞ்சைக் காட்டாது. அக்குறையையும் பின்வந்த அறிஞர் நீக்கினர். பாதரசம் போன்ற உலோகத்தைத் தொட்டால் ஒளி மாறும் பொருள்களை ஆக்கினர். பாசியின் பச்சையம் நீல ஒளி பட்டால் செந்நிறமாய் ஒளிரும். அதனை அளந்து, கழிவுகளால் ஏரியில் பாசி பெருகுவதையும் அறிகின்றனர்.

இதனைப் படித்த பின்னர், எங்கள் பள்ளிக் குழியைக் கிணற்றிலிருந்து நெடுந்தொலைவுக்கு மாற்றினேன். கண்ணுக்கு மறைந்த நீர், உலகை விட்டு மறைந்த நீர் அன்று. வேறோர் ஊரில் எவரோ ஒருவர் அதனை முகந்து பருகக் காத்திருக்கிறார்.