மணல்மூட்டையும் இடுப்புப் பட்டையும்

1894 நவம்பர் 12. சிட்னிக்குத் தெற்கே, ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. லாரன்ஸ் ஹார்கிரேவ் தாம் செய்த நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து ஏற்றினார். கயிற்றில் தொங்கிய சிறு இருக்கையில் அமர்ந்து 16 அடி உயரம் எழும்பினார். உதவிக்கு ஜேம்ஸ் ஸ்வெயின் இருந்தார். கயிற்றின் அடிமுனை மணல்மூட்டைகளில் கட்டப்பட்டிருந்தது. இழுவையை அளக்க ஒரு ஸ்பிரிங் தராசும் உண்டு. கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமையே வாங்காத அந்த மனிதரின் முகத்தை 1966இல் ஆஸ்திரேலியா தன் 20 டாலர் நோட்டில் அச்சிட்டது.

ஹார்கிரேவின் பட்டத்தைத் தரை பிடித்துக்கொண்டது. பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் இன்றைய கைட்சர்ஃபிங்கில் அந்தப் பாரம் மனித இடுப்புக்கு வந்துவிட்டது.

பிரான்சின் பிரிட்டனி கரையைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகன்யூ சகோதரர்கள், காற்றடைத்த குழாய்களால் விறைப்பாக நிற்கும் பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரினார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழும்பும். 1997இல் அது விபிகா என்ற பெயரில் கடைக்கு வந்தது. சிட்னியின் பாட்டனி விரிகுடாவிலும் மெல்பர்னின் செயின்ட் கில்டா கரையிலும் இன்று பறப்பவை அதன் வாரிசுகள்தான்.

ஆனால் தொடக்ககாலப் பட்டங்களில் இழுவையைக் குறைக்க வழி போதவில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மணலில் நிற்பவரை அது தூக்கியெறியும். 2005 வாக்கில் புருனோவின் வில்வடிவப் பட்டம் வந்த பிறகுதான், கைப்பிடியைத் தள்ளினாலே இழுவை பெருமளவு அடங்கும் நிலை வந்தது.

இலங்கையின் வல்வெட்டித்துறைத் தைப்பொங்கல் பட்டத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய பட்டம் ஏற்ற ஆட்கள் வேண்டும். கைட்சர்ஃபிங்கிலும் புதியவர்களுக்குத் துணையோடு ஏற்றுவதே நல்லது. ஆனால் துணைக்கு ஆளில்லாத நாளும் வரும். அதற்கான பாடத்தை ஏற்றுவதில் தொடங்கக்கூடாது, பட்டத்தின் இழுவையிலிருந்து தம்மை விடுவிப்பதில்தான் தொடங்க வேண்டும்.

அதைப் பழகிய பிறகுதான் ஏற்றுவது. தனியாக ஏற்றும் ஒரு முறையில் ஹார்கிரேவின் மணல்மூட்டை திரும்பி வருகிறது. இடுப்புப் பட்டையில் மாட்டும் வளையத்தை அசையாத ஒரு நங்கூரத்தில் கொக்கியால் பூட்டுகிறார்கள். பட்டத்தைக் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே, அது பறக்கும் வெளியின் ஓரத்தில், ஒரு நுனி மணலில் ஊன்ற நிறுத்துகிறார்கள். கயிறு விறைத்ததும் அது தானே நிற்கும். பிறகு கைப்பிடிக்கு நடந்து வந்து, வளையத்தைத் தம் பட்டையில் மாட்டி, நங்கூரத்தைக் கழற்றுகிறார்கள். பட்டத்தை நேரே காற்றின் கீழ்ப்பக்கம் வைத்து ஏற்றினால் முழு இழுவையும் ஒரே நொடியில் வந்து சேரும். பல மோசமான விபத்துகளின் வேர் இதுதான்.

இறக்குவது இன்னும் கவனமான வேலை. நங்கூரம் இல்லையென்றால், இழுவையைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியான விடுவிப்பானைத் தள்ளிவிட, பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொய்ந்து விழும். அந்தக் கயிற்றைப் பிடித்தபடி பட்டத்தை நோக்கி நடக்கலாம், கையில் மட்டும் சுற்றக்கூடாது. பட்டத்தைக் கவிழ்த்து, முன்குழாயைக் காற்றுக்கு எதிரே வைத்து, துணிமேல் மணல் அள்ளிப்போட்டால்தான் வேலை முடிந்தது.

சிட்னியில் இதற்கு அவசரமும் உண்டு. கோடையில் நிதானமாக வீசும் வடகிழக்குக் காற்றை, சதர்லி பஸ்டர் எனப்படும் தென்காற்று சில நிமிடங்களில் புரட்டிப்போடும். வானிலை எச்சரிக்கை வந்தால் அந்தக் காற்று கரையைத் தொடும் முன்பே பட்டத்தை இறக்கிவிட வேண்டும்.

விடுவிப்பானுக்கென்று ஐஎஸ்ஓ 21853 என்ற சர்வதேசத் தரம் 2020இல்தான் வெளியானது. மணல் புகுந்தால் தரமான விடுவிப்பானும் சிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஏற்றும் முன் அதை ஒருதரம் தள்ளிப் பார்ப்பதும், கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுவதும் பாடத்தின் பகுதிதான்.