வெறுமையாக்கி வைத்த காலமும் பாதி நிரப்பி வைக்கும் காலமும்

ரிமோட் கார் என்று நம்மவர் அழைக்கும், வானலையால் இயங்கும் மாதிரிக் கார்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையும் மோட்டாரையுமே எழுதுவர். காரின் வயிற்றுக்குள் கிடக்கும் பற்றரிப் பொதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அப்பொதி மூன்று வகை இரசாயனங்களைக் கண்டுவிட்டது. முந்திய தலைமுறை கற்றுத்தந்த நல்ல பழக்கம் அடுத்த தலைமுறையில் பற்றரியைக் கொல்லும் பழக்கமாயிற்று. சில வீடுகளில் தீயையும் மூட்டியது. அந்த வரலாற்றை அறிந்துகொள்வது பிள்ளைகளுக்கு இத்தகைய கார்களை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு அவசியம் என்று நான் கருதுகிறேன்.

மீண்டும் மின்னேற்றக்கூடிய முதலாவது மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்தோன் பிளான்தே உருவாக்கினார். அது ஈயத்தாலும் அமிலத்தாலும் ஆனது. அதன் வழித்தோன்றலே இன்றும் மோட்டார் வாகனங்களில் இருக்கிறது. எனினும் அதன் பாரம் விளையாட்டுக் காருக்கு ஒவ்வாது. 1899இல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் நிக்கல்-கட்மியம் மின்கலத்தைக் கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை முற்றாக மூடி முத்திரையிடும் முறை கைகூடிய பின்னரே, கவிழ்ந்தாலும் ஒழுகாத சிறு மின்கலங்கள் சாத்தியமாயின.

யப்பானின் தமியா நிறுவனம் 1976இல் போர்ஷ் 934 என்ற தனது முதலாவது வானலைக் காரை வெளியிட்டது. 1984இல் அது வெளியிட்ட கிராஸ்ஹொப்பர், ஹோர்னெட் ஆகிய கார்கள் உலகெங்கும் பிள்ளைகளின் கைகளுக்குச் சென்றன. 1.2 வோல்ற் கொண்ட ஆறு நிக்கல்-கட்மியம் மின்கலங்களைத் தொடராக இணைத்த 7.2 வோல்ற் பொதி, 1980களில் இக்கார்களின் பொது வழக்காயிற்று.

இப்பொதி ஒரு முரட்டுப் பிராணி. பந்தயக்காரர் அதனைக் கால் மணி நேரத்தில் நிரப்பினர். மின்கலம் நிரம்பியதும் அதன் மின்னழுத்தம் சற்றே சரியும். அந்தச் சரிவை உணர்ந்து தானாக நின்றுவிடும் மின்னேற்றிகள் பின்னர் வந்தன. ஓட்டம் முடிந்ததும் மிச்சத்தையும் வடித்துவிட்டு வெறுமையாக வைப்பார்கள். வெறுமையாகக் கிடப்பதால் நிக்கல்-கட்மியத்துக்குப் பெருந்தீங்கு இல்லை.

வடிப்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் ‘நினைவு’ என்பதாகும். பற்றரியை அரைகுறையாகப் பாவித்து மின்னேற்றினால், அந்த அரைகுறை அளவையே அது நினைவில் வைத்துக்கொள்ளுமாம். நான் செய்தி சேகரிக்கத் திரிந்த காலத்தில், மின்வெட்டொளிக் கருவி சுமந்த ஒளிப்படக் கலைஞர்களும் இதையே வேதவாக்காகச் சொல்வார்கள். உண்மையில் இவ்விளைவு செயற்கைக்கோள்களிலேயே தெளிவாக அறியப்பட்டது. அங்கு பற்றரி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவுக்கு இறங்கி ஏறும். கார் களைத்து நிற்கும்வரை ஓட்டும் பிள்ளையின் பொதியில் அந்நிலை எழுவது அரிது. நினைவின் மீது சுமத்தப்பட்ட பழியிற் பெரும்பகுதி அளவுக்கு மிஞ்சிய மின்னேற்றத்துக்கே உரியது.

வடிப்பதிலும் ஆபத்து இருந்தது. ஆறு மின்கலங்களும் ஒரே பலமுடையவை அல்ல. பலவீனமானது முதலில் வெறுமையாகும். அப்போதும் மற்ற ஐந்தும் அதனூடாக மின்னோட்டத்தைத் தள்ளும்போது, அதன் நேர்முனையும் எதிர்முனையும் தலைகீழாகி அது கெட்டுவிடும். ஆகவேதான் தேர்ந்த பந்தயக்காரர் ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே, ஏறக்குறைய 0.9 வோல்ற் வரை மட்டும் இறக்கினார்கள்.

1990ஆம் ஆண்டளவில் நிக்கல்-உலோக ஐதரைட்டு மின்கலம் சந்தைக்கு வந்தது. கட்மியம் நச்சுத்தன்மை வாய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இயற்றிய சட்டம் அதன் பாவனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புதிய மின்கலம் கூடுதலான மின்னைத் தாங்கியது. ஆனால் நிரம்பும்போது அதன் மின்னழுத்தச் சரிவு சிறியது; பழைய மின்னேற்றி அதைக் கவனிக்கத் தவறினால் பொதி வெந்துவிடும். வெறுமையாக வைத்தாலும் மாதக்கணக்கில் தானாகவே மேலும் வற்றி, சில மின்கலங்கள் மீளாமற் போகும். ஆகவே சிறிது மின்னேற்றத்துடன் வைக்க வேண்டும் என்பது புதிய விதியாயிற்று. வடித்து வைக்கும் பழக்கம் இங்கேயே பொய்த்தது.

மூன்றாவதாக வந்தது லிதியம். விட்டிங்ஹாம், குட்இனஃப், யொஷினோ ஆகிய மூவரின் உழைப்பில் உருவான லிதியம்-அயன் மின்கலத்தை 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தது. அவ்வேளை குட்இனஃபுக்கு வயது 97. மென்பை போன்ற உறைக்குள் அடைத்த லிதியம்-பொலிமர் வகை 2000களில் மாதிரிக் கார்களுக்குள் புகுந்தது. இரண்டே மின்கலங்கள் 7.4 வோல்ற் தந்தன.

இங்கே பழைய அறிவு முழுவதும் தலைகீழாகிறது. லிதியம் மின்கலம் 4.2 வோல்ற்றில் நிரம்புகிறது. நிரம்பியதைச் சரிவு காட்டி அது அறிவிப்பதில்லை. நிக்கல் பொதிக்கான மின்னேற்றியில் இதனைப் பொருத்தினால், வராத சரிவுக்காக அக்கருவி காத்துக்கொண்டே இருக்கும். பொதி வீங்கும், பின்னர் எரியும். முற்றாக வடித்தால், உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. அடுத்த மின்னேற்றத்தின்போது அச்செப்பு வேண்டாத இடத்திற் படிந்து உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கக்கூடும். முற்றாக நிரப்பி வைத்தாலும் உள்ளே வாயு தோன்றி, பொதி மெல்ல மெல்ல உப்பும்.

ஆகவே இன்றைய விதி நடுவழி. ஓட்டும்போது மின்கலம் ஒன்று 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்க விடலாகாது. அதற்குச் சற்று மேலேயே நிறுத்துவது நல்லது. சில நாட்களுக்கு மேல் ஓட்டாவிடின், மின்கலத்துக்கு 3.8 வோல்ற் அளவில் விட்டு, குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இப்போதைய மின்னேற்றிகளில் இதற்கெனத் தனித் தெரிவே உண்டு. லிதியத்துக்கு உரிய மின்னேற்றியை மட்டுமே பாவித்து, இரு மின்கலங்களையும் சமப்படுத்தும் சிறு இணைப்பையும் செருக வேண்டும். கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம்மவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உறைகுளிரில் கிடந்த பொதியை வீட்டுக்குள் கொணர்ந்து, அது அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே மின்னேற்ற வேண்டும். 0 பாகை செல்சியசுக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படியும். வீங்கிய பொதியை ஒருபோதும் மின்னேற்றலாகாது. எரியாத தரையில், கண்பார்வையில் வைத்தே மின்னேற்ற வேண்டும். பிள்ளைகள் உறங்கும் அறையில் வேண்டாம்.

‘பற்றரியை முழுதாகத் தீர்த்துவிட்டு சார்ஜ் போடு’ என்று இன்றும் பல வீடுகளிற் சொல்கிறார்கள். அந்த அறிவுரை பிறந்த இரசாயனம் இப்போது அந்தக் கார்கள் பலவற்றில் இல்லை. அறிவுரை மட்டும் வாய்வழியே வாழ்கிறது. பிள்ளையின் காரைக் கையிலெடுக்கும்போது பொதியின் மேல் ஒட்டியுள்ள தாளை முதலில் வாசியுங்கள். எந்த இரசாயனம் என்பது தெரிந்தால், எந்த விதி என்பதும் தெரிந்துவிடும்.