பிறர் சமயங்களைக் கற்பித்த பேராசிரியர்

வடமொழி கற்பிக்கும் பேராசிரியரை, வடமொழியில் ஓரெழுத்தும் அறியாதார் திரண்டுவந்து வாக்களித்துத் தெரிவுசெய்த விந்தையொன்று 1860ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாயிருந்த போடன் என்பார் தம் செல்வத்தைக் கொண்டு நிறுவச் செய்த பதவி அது. விவிலியத்தை வடமொழியிற் பெயர்த்து இந்திய மக்களைக் கிறித்தவராக்கத் துணைபுரிதல் வேண்டுமென்பது அவர்தம் மரணசாதனத்திற் கண்ட நோக்கம்.

போட்டியிட்டோர் இருவர். ஒருவர் மொனியர் வில்லியம்ஸ். மற்றவர் மாக்ஸ் முல்லர். பின்னவர் ஜேர்மனியில் 1823இல் ஒரு கவிஞரின் மைந்தராய்ப் பிறந்து, பாரிஸ் நகரில் பூர்னூஃப் என்னும் பேரறிஞரிடம் பாடங்கேட்டு, இருக்குவேதத்தைச் சாயணர் உரையுடன் பதிப்பிக்கும் பொருட்டு 1846இல் இங்கிலாந்து புகுந்தவர். அப்பதிப்பின் முதற்றொகுதி 1849இலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும், வாக்குரிமை பெற்ற பழைய பட்டதாரிகளுட் பலர் சமய குருமார். பிறநாட்டவர், சமயக் கொள்கையில் ஐயத்துக்கிடமானவர் என்னும் பேச்சே மேலோங்கிற்று. மொனியர் வில்லியம்ஸ் 833 வாக்குகள் பெற்றார், முல்லர் 610. வென்றவரும் வடமொழி அகராதியால் நிலைத்த புகழ் எய்தியவரே. அவரை இகழ்தல் எம் கருத்தன்று.

இத்தோல்வி முல்லரை வேறொரு வழியில் திருப்பியதெனலாம். ஒப்பியன் மொழிநூலுக்கென 1868இல் அமைந்த பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1870இல் இலண்டனில் நிகழ்த்திய விரிவுரைகளில், தன் சமயம் ஒன்றையே அறிந்தவன் அதனையும் அறியான் என்னும் கருத்தை வலியுறுத்தினார். அவ்வாறாயின், பிறர் சமயத்தை அவர்தம் நூல்களைக் கொண்டே அறிதல் வேண்டுமன்றோ? அதற்கு நூல்கள் எங்கே? இவ்வினாவின் விடையாகவே 'கீழைத்தேயப் புனித நூல்கள்' என்னும் 50 தொகுதிகள் 1879 முதல் 1910 வரை வெளிவந்தன. உபநிடதம், திருக்குர்ஆன், பாரசீகரின் அவெஸ்தா, கொன்பூசியசின் நூல்கள் யாவும் அவ்வரிசையில் ஓரினமாய் நின்றன. தம்மபதத்தை முல்லரே பெயர்த்தார். பௌத்த சூத்திரங்கள் சிலவற்றைப் பெயர்த்த றீஸ் டேவிட்ஸ், முன்னர் இலங்கையில் அரசாங்க சேவையிலிருந்தவர்.

அவர்தம் மாணாக்கருள் எம் நெஞ்சைவிட்டகலாதார் இருவர். நான்ஜோ, கசஹாரா என்னும் யப்பானியப் பௌத்த துறவியர், தம் நாட்டிற் சீன மொழிவழியே ஓதப்பட்ட சூத்திரங்களின் வடமொழி மூலத்தைப் பயிலவேண்டிக் கடல்கடந்து, 1879இல் அவரிடம் வந்து சேர்ந்தனர். புத்தர் பிறந்த நாட்டு மொழியைப் புத்த துறவியர்க்குக் கற்பித்தவர் ஒரு ஜேர்மானியக் கிறித்தவர்! கசஹாரா காசநோயுற்று ஊர் திரும்பி 1883இல் மாண்டார். ஆசிரியர் அவருக்கு 'டைம்ஸ்' பத்திரிகையில் இரங்கலுரை எழுதினார். நான்ஜோவோ 1,662 சீன பௌத்த நூல்களுக்கு விளக்கப்பட்டியல் வகுத்து அவ்வாண்டிலேயே வெளியிட்டார்.

குறையும் உண்டு. முல்லர் இந்தியாவை ஒருநாளும் கண்டாரல்லர். ஏட்டில் உள்ளதே சமயமென அவர் கொண்டமையால், கோயிலும் விழவும் அடியார் பாடலும் அவர் நோக்கிற்குப் புறத்தே நின்றன. அந்த 50 தொகுதிகளுள் தமிழ் நூல் ஒன்றேனும் இல்லை. இத்தனைக்கும், 1880களின் நடுப்பகுதி முதல் ஜீ. யூ. போப் ஐயர் அதே ஒக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார்! 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டவரும் அவரே.

திருவாசகம் வெளிவந்த அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் முல்லர் காலமானார். அவரது நூனிலையத்தை விலைகொடுத்து வாங்கியவர் யப்பானியச் செல்வர் ஒருவர். தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் வைத்துப் போற்றப்பட்ட அந்நூல்கள் 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தைத் தொடர்ந்தெழுந்த தீயில் எரிந்துபோயின.