தாயாக இல்லாதவளின் மருத்துவ அட்டை

அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் 1965இல் சட்டமானபோது, வறுமை மட்டுமே அதற்குத் தகுதியாக இருக்கவில்லை. முதியவராகவோ பார்வையற்றவராகவோ ஊனமுற்றவராகவோ, அரசு உதவித்தொகையில் பிள்ளை வளர்ப்பவராகவோ இருக்க வேண்டும். ஏழைப் பெண்கள் பலர் தாய் என்ற வாசல் வழியாகவே மருத்துவரிடம் போனார்கள். பிள்ளை தலையெடுத்ததும் வாசல் சாத்தப்பட்டது. ஐம்பது வயதில் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவளின் மூட்டுவலி எந்தப் பட்டியலிலும் இல்லை.

பட்டியலில் இல்லாத இந்த ஏழைகளுக்கென ஆரிகன் மாநிலம் தனித்திட்டம் ஒன்று வைத்திருந்தது. 2008இல் அதில் சுமார் 10,000 பேருக்குத்தான் இடம். பெயர் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர். மாநிலம் குலுக்கல் நடத்தியது. (நம் ஊர் குலுக்குச் சீட்டில்கூடக் கட்டியவருக்கு என்றாவது பணம் வந்துவிடும்.) பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க, எமி ஃபிங்கல்ஸ்டைன், கேத்தரின் பைக்கர் ஆகிய பொருளியலாளர்களின் குழுவுக்கு அது வாய்ப்பானது.

2013இல் வந்த இரண்டாண்டு முடிவுகளில் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவுகளில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை. மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை எதிர்த்தவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆய்வில் மனச்சோர்வின் அறிகுறி உள்ளவர்கள் 30 விழுக்காட்டிலிருந்து 21 அளவுக்குக் குறைந்திருந்தார்கள். வருமானத்தை விழுங்கும் மருத்துவச் செலவு அநேகமாக மறைந்திருந்தது. ஐம்பது கடந்த பெண்களில் மேமோகிராம் எடுத்துக்கொண்டவர்கள் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தார்கள். இவையெல்லாம் ஆரோக்கியக் கணக்கில் சேராதாம். ஊசி குத்தி எடுத்த எண் உடல். வாய் திறந்து சொன்னது வெறும் உணர்வு. பெண்களின் வலியை ஹிஸ்டீரியா என்று ஒதுக்கிய மருத்துவத்தின் பழைய வழக்கம்தான் இது. கடன்காரனின் தொலைபேசி ஒலிக்காத இரவில் ஒருத்தி தூங்குவது எந்தக் கருவியில் பதியும்? இரண்டாண்டில் ரத்த அழுத்தம் சொல்லாததைப் பிந்தைய ஆய்வு சொன்னது: 2014இல் தொடங்கிய விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்களில் 55 முதல் 64 வயதுவரையிலான ஏழைகளின் மரணம் குறைந்திருந்தது.

விரிவாக்கத்தை ஏற்பதா என்பதை உச்ச நீதிமன்றம் 2012இல் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. ஆரிகன் ஏற்றது. டெக்சஸ் ஏற்கவில்லை. அங்கே கருவுற்ற ஏழைப் பெண்ணுக்கு மெடிக்கெய்ட் உண்டு. பிரசவத்துக்குப் பின் 12 மாதம்வரை நீடிக்கும். பதின்மூன்றாம் மாதம் பெரும்பாலானோரின் அட்டை செல்லாது.