மாதவியின் மாலையும் விதியின் விலையும்

"எல்லாம் தலைவிதி!" பூவிருந்தவல்லிக்கு மேற்கே நசரத்பேட்டைச் சாலையோரத்திலும், பட்டணத்து மாடமாளிகையிலும் ஒலிக்கும் ஒரே பல்லவி இது. விதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால், உண்மைக் குற்றவாளி தப்பிவிடுவான் அல்லவா? சிலப்பதிகார மாதவியின் வாழ்வை வைத்தே இதை ஆராய்வோம்.

பன்னிரண்டு வயதில் அரங்கேறினாள் மாதவி. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையைச் சோழன் பரிசளித்தான். அம்மாலை, செல்வர் உலவும் தெருவில் கூனியின் கையில் விலைக்கு நின்றது. கோவலன் வாங்கினான், மாதவி மனை புகுந்தான். இதில் விதி எங்கே? விலை இருந்தது, வாங்குவோன் இருந்தான், பெண்ணை விற்பனைப் பொருளாக்கிய குலமுறை இருந்தது!

கடற்கரையில் பாடல் பிறந்தது, ஐயமும் பிறந்தது. அவன் பாட்டில் வேறொருத்தியை அவள் கண்டாள். அவள் பாட்டில் வேறொருவனை அவன் கண்டான். பிரிந்தான். இளங்கோவடிகள் ஊழ்வினையின் மேல் பழி போடுகிறார். நாமோ கேட்கிறோம்: பொறுத்திருந்து ஒரு சொல் வினவியிருந்தால், ஊழ் அவன் வாயையா அடைத்திருக்கும்?

காப்பியமே விடையும் தருகிறது. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட மாதவி, ஆடலையும் பாடலையும் துறந்தாள். மகள் மணிமேகலையைக் கணிகையர் தொழிலுக்கு அனுப்ப மறுத்து, அறவழியில் நிறுத்தினாள். தாய் சித்திராபதி சினந்தாள்; ஊர் தூற்றியது. மாதவி அசையவில்லை. இழந்த இன்பம் திரும்பவில்லை, உண்மை. ஆனால் தன் துயரம் மகளுக்குச் சொத்தாகாமல் தடுத்தாள். விதி என்று கிடந்திருந்தால் அது நடந்திருக்குமா?

கதையில் ஒருத்தி செய்ததை நாட்டில் பலர் செய்தனர். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறைக்கு எதிராகச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக முழங்கினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினமும் தந்தார். "சாத்திரம், சம்பிரதாயம்" என்று எதிர்த்தோர் பலர். எனினும் 1947இல் சட்டம் வந்தது. நூற்றாண்டுகளாகப் "பிறவிப் பயன்" எனப்பட்டது, மனிதர் எழுதிய சட்டத்தின் முன் தலைகுனிந்தது!

தோழர்களே! மனிதர் எழுதியதை மனிதரே அழிக்கலாம். வேறு கையெழுத்து அதில் இல்லை. அடுத்த முறை "விதி" என்ற சொல் செவியில் விழும்போது, "யார் செய்த விதி? யாருக்கு ஆதாயம்?" என்று கேளுங்கள். அக்கேள்வியில்தான் விடுதலை தொடங்குகிறது.