எலெக்ட்ரொகியூஷன்: ஒரு சொல்லின் பிறப்பும் பெயர்ச்சியும்

மின்சாரம் தாக்கி ஒருவர் இறப்பதை ஆங்கிலம் ‘எலெக்ட்ரொகியூஷன்’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கும். கிரேக்க, இலத்தீன் ஓசையோடு பழமை வாய்ந்தது போலத் தோன்றினும் இச்சொல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டு வயதுகூட ஆகவில்லை. 1889ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவிலே புதிய தண்டனைச் சட்டமொன்றின் நிழலில் ஆக்கப்பட்டது அது. அச்சொல் முதலிற் குறித்தது விபத்தையன்று. அரசு நிறைவேற்றும் மரணதண்டனையையே.

சொல்லின் முற்பகுதிக்கு நல்ல மரபுண்டு. கிரேக்கர் அம்பரை ‘எலெக்ட்ரொன்’ என்றனர். தேய்த்த அம்பர் துரும்பினை ஈர்ப்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். அப்பெயரின் அடியாகவே 1600இல் வில்லியம் கில்பேட் தமது காந்தவியல் நூலில் ‘எலெக்ட்ரிக்கஸ்’ என்ற இலத்தீன் சொல்லை வழங்கினார். பிற்பகுதியோ வெட்டியெடுத்த துண்டு. ‘எக்சிகியூஷன்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ‘இறுதிவரை பின்தொடர்தல்’ என்பது பொருள். அதாவது, ஓர் ஆணையை முற்ற நிறைவேற்றுதல். கொல்லுதல் என்ற கருத்து அதன் வேரில் இல்லை. அச்சொல்லின் தலையை நீக்கி வாலை மட்டும் மின்சாரத்தோடு ஒட்டினர். அக்காலத்து நியூயோர்க் பத்திரிகை எழுத்தாளருள் மொழித் தூய்மை பேணியோர் இதனை அருவருத்ததில் வியப்பில்லை.

இச்சொல்லுக்கான தேவை எவ்வாறு எழுந்தது? 1881இல் நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகரில் ஒருவர் மின்பிறப்பாக்கியைத் தொட்டு உடனே மாண்டார். இதனையறிந்த அல்பிரட் சவுத்விக் என்னும் பல்வைத்தியர், தூக்குக்கயிற்றிலும் இரக்கமுள்ள கருவி இதுவெனக் கருதினார். 1886இல் மாநிலம் அமைத்த ஆணைக்குழுவில் அவரும் ஓர் உறுப்பினரானார். 1888இல் நிறைவேறிய சட்டம் 1889 சனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. தண்டனை வந்துவிட்டது, அதற்கு ஒரு பெயர்தான் இல்லை.

பெயரிடுதல் வெறும் இலக்கண விடயமாக அமையவில்லை. அக்காலத்தில் நேரோட்ட மின்சாரத்தை எடிசனும் ஆடலோட்ட மின்சாரத்தை வெஸ்டிங்ஹவுசும் விற்றுப் போட்டியிட்டனர். மரணதண்டனையைத் தாம் விரும்பவில்லை என்ற எடிசனே, கொல்வதற்கு வெஸ்டிங்ஹவுசின் ஆடலோட்டப் பொறிகளே தகுந்தவை என்று பரிந்துரைத்தார். 1888இல் எடிசனின் ஆய்வுகூடத்தில் ஹரல்ட் பிரவுண் என்பவர் நாய்களை ஆடலோட்டத்தாற் கொன்று காட்டினார். பெயரிலும் இப்போட்டி புகுந்தது. ‘டைனமோட்’, ‘அம்பர்மோட்’, ‘எலெக்ட்ரொமோட்’ என்பன எடிசன் தரப்பில் எழுந்த ஆலோசனைகள். அத்தரப்பு வழக்கறிஞர் ஒருவரோ, வெஸ்டிங்ஹவுஸ் என்ற பெயரையே வினையாக்கி, குற்றவாளி ‘வெஸ்டிங்ஹவுஸ் செய்யப்பட்டான்’ என வழங்கலாம் என்றார். வைத்தியர் கில்லொட்டின் பெயர் பிரான்சின் தலைவெட்டுப் பொறிக்கு நிலைத்தமையே அவர் காட்டிய முன்மாதிரி. (அப்பொறியை வடிவமைத்தவர் கில்லொட்டின் அல்லர் என்பது வேறு கதை.) இவ்வாலோசனை வென்றிருப்பின், போட்டியாளர் ஒருவரின் குடும்பப்பெயர் அகராதியிற் கொலைத்தொழிலாக நின்றிருக்கும். வென்றதோ பத்திரிகைகளில் வழங்கிய ஒட்டுச்சொல்லே.

1890 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஓபண் சிறையில் வில்லியம் கெம்லர் என்பவர் மின்னாற்காலியில் முதன்முதலாகக் கொல்லப்பட்டார். பதினேழு வினாடிகள் மின் பாய்ச்சி நிறுத்தியபின் அவர் மூச்செடுப்பது கண்டு மீண்டும், முன்னினும் நீண்ட நேரம், பாய்ச்ச நேர்ந்தது. இரக்கத்தின் பெயரால் வந்த முறையின் முதற் காட்சி இதுவாயிற்று.

ஆனால், அக்காலத்தில் மின்சாரத்தால் மாண்டோருட் பலர் குற்றவாளிகளல்லர். 1889 ஒக்டோபரில் மன்ஹற்றன் வீதியொன்றின் மேலே, மின்கம்பிகளிடையே வேலைசெய்த தொழிலாளி ஒருவர், கீழே திரண்ட கூட்டத்தின் கண்முன் தொங்கியவாறே இறந்தார். நீதிமன்றமோ தீர்ப்போ ஆணையோ அங்கிருக்கவில்லை. எனினும், விரைவில் இத்தகைய மரணங்களையும் ‘எலெக்ட்ரொகியூஷன்’ என்றே ஆங்கிலம் வழங்கலாயிற்று. விபத்தொன்று தந்த எண்ணம் தண்டனையாயிற்று. அத்தண்டனைக்கு வந்த பெயர் விபத்துக்கே திரும்பிச் சென்றது. இடையில், ‘நிறைவேற்றுதல்’ என்ற பொருள் யாரும் கவனியாமலே உதிர்ந்தது. அது உதிர்ந்திராவிடின், கம்பியிற் கருகிய தொழிலாளியும் தண்டிக்கப்பட்டவராகவே தோன்றுவார். இன்று, உயிர் போகாத மின்னதிர்ச்சியையும் ஆங்கிலத்திற் சிலர் இப்பெயராலேயே சுட்டுகின்றனர். பிரெஞ்சு மொழி இதே சொல்லைக் கடன் வாங்கியபோதும், மின் தாக்கியும் உயிர் தப்பிய நிலைக்கு ‘எலெக்ட்ரிசாசியொன்’ என வேறொரு சொல்லை வைத்துள்ளது.

தமிழில் இவ்விரண்டையும் அடக்கும் தனிச்சொல் நிலைபெறவில்லை. ‘மின்சாரம் தாக்கி இறந்தார்’ என்னுமிடத்துத் தாக்குவது மின்சாரம். தண்டிப்பவர் எவரும் அத்தொடரில் இல்லை. நாளேட்டு விபத்துச் செய்திக்கு அது போதும். ஆனால், ஓபண் சிறை பற்றிய 1890ஆம் ஆண்டுச் செய்தியில் வரும் ஆங்கிலச் சொல்லையும் அவ்வாறே பெயர்த்தால், மாநிலமொன்று தீர்ப்பிட்டு, நாள் குறித்து, சாட்சிகளை அழைத்து நிகழ்த்திய கொலை தமிழில் ஒரு விபத்தாகிவிடும்.